ஊக்கம் நிலைபெற…

(கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசு பெறுவோரை வாழ்த்துவது எளிது. நான் இன்று பேச விரும்புவது, இம்மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைகளைப் பற்றி. ஒரு பாடத்தில் தவறி, மீண்டும் எழுத மனமின்றி இருப்போர். அரசுப் பணித் தேர்வுக்கென்று புத்தகங்கள் வாங்கி, இரண்டே மாதங்களில் மூடி வைத்தோர். "ஹஜ்ரத், ஆரம்பத்தில் நல்ல ஆர்வமாகத்தான் இருந்தான், இப்போது போய்விட்டது. துஆச் செய்யுங்கள்" என்று பெற்றோர் எவரேனும் வந்து சொல்லாத வாரமில்லை. துஆச் செய்கிறேன். ஆனால், ஆர்வம் வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் களைய வேண்டியுள்ளது. பெரும்பாலும் வேலை முன்னே செல்கிறது. ஆர்வம் அதன் பின்னே வருகிறது.

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த, மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் சிறுபருவத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். அவற்றை எடுத்து விநியோகிப்பதில் உதவுவது சிறுவர் கலாமின் பணி. அதற்கு முன்பே, இருள் பிரியுமுன் எழுந்து குளித்துக் கணக்குப் பாடத்திற்குச் சென்று வந்திருப்பார். தொழுகையும் குர்ஆன் பாடமும் முடிந்திருக்கும். ஒவ்வொரு விடியலிலும் அவருக்கு உற்சாகம் பொங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ரயில் வந்துவிடும், கட்டு விழுந்துவிடும், எடுக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

விமானியாக விரும்பி அவர் டேராடூன் சென்றபோது, எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக நின்று வாய்ப்பை இழந்தார். பின்னர் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதானதே காரணம். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நாம் இவ்விரு நாட்களைப் பற்றியே பேசுகிறோம். இடையிலிருந்த பதினோரு மாதங்களில் கைதட்ட யாரும் இல்லை. சரிபார்க்க வேண்டிய வேலை மட்டும் அன்றாடம் இருந்தது.

இதற்கு மாறான ஒரு தவறும் உண்டு. அது ஆர்வம் மிகுந்தவர்களுக்கு நேர்வது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்கவும், இரவெல்லாம் நின்று வணங்கவும் உறுதி பூண்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை விரும்பாது, மாதத்தில் மூன்று நோன்புகளே போதும் என்றார்கள். தம்மால் இன்னும் இயலும் என்று அவர் வற்புறுத்தவே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முடிவாயிற்று. முதுமை வந்தபோது, நபிகளார் தந்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று அவர் ஏங்கினார். ஆயினும் ஏற்றுக்கொண்டதைக் கைவிடவில்லை. குறைவாயினும் விடாது செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பதும் நபிமொழியே. தேர்வுக்கு முந்தைய வாரம் இரவெல்லாம் விழித்திருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹிஃப்ழு மதரஸாவில் இதனைக் கண்ணாரக் காணலாம். மதீனா பதிப்புக் குர்ஆனில் 604 பக்கங்கள். நாளொன்றுக்கு அரைப் பக்கம் மனனம் செய்தால் 1,208 நாட்கள். விடுமுறைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். பத்து வயதுப் பிள்ளையிடம் நான்கு ஆண்டுகளைக் காட்டினால் அவன் ஓடிவிடுவான். உஸ்தாத் காட்டுவதோ அரைப் பக்கம்தான். காலையில் அதனை ஒப்புவிக்க வேண்டும். கேட்பதற்கு ஒருவர் அமர்ந்திருக்கிறார். பழைய பாடத்தையும் அன்றன்று ஓத வேண்டும், விட்டால் மறந்துவிடும். மனம் சோர்ந்த நாளில் அரைப் பக்கம் மூன்று வரியாகக் குறையலாம். பாடமே இல்லாத நாளாக அது ஆகிவிட உஸ்தாத் இடம் கொடுப்பதில்லை.

பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டி ஊக்கமூட்ட முயலாதீர்கள். அதில் பிறப்பது ஊக்கமன்று, வெட்கம். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டு, அவன் சொல்வதைப் பத்து நிமிடம் அமர்ந்து கேளுங்கள்.

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் மதரஸா அறை திறந்திருக்கும். தவறிய பாடத்தை மீண்டும் எழுதவிருப்போர் நாளை முதல் அங்கு வரலாம். ஒரு புத்தகம், ஒரு நோட்டு போதும். முதல் வாரம் அரை மணி நேரத்திற்கு மேல் யாரையும் உட்கார வைக்கப் போவதில்லை. வஸ்ஸலாம்.