கைத்திறனும் வழித்துணையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் ஆலய வளாகத்தைச் சற்றே உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். கொடியேற்றத்திற்கு ஒரு வாரம் முன்பே பந்தல் எழுகின்றது. கோபுரத்தின் உச்சியிலிருந்து வாயில் வரை வண்ண விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. காவடிகளின் இரும்புச் சட்டங்கள் பற்றவைக்கப்படுகின்றன. ஒலிபெருக்கி பொருத்தப்படுகின்றது. இரதத்தின் சக்கரங்கள் சரிபார்க்கப்படுகின்றன. அன்னதானக் கூடத்தில் பல நூறு பேருக்கான உணவு, குறித்த நேரத்தில் குறைவின்றி வெந்து இறங்குகின்றது. இவற்றையெல்லாம் செய்வோர் யார்? பெரும்பாலும் இருபது வயதையொட்டிய இளைஞர்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் அவர்களில் உண்டு, எஸ்.பி.எம். தேர்வில் தவறியவன் உண்டு; "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று பெற்றோரே கைவிட்டவனும் உண்டு.

படிப்பு ஏறாத அந்தக் கைகளுக்கு வேலை ஏறியிருக்கின்றது. ஆனால் அந்த வேலைக்குச் சான்று இல்லை. அதை வளர்த்துக்கொள்ளும் வழியைக் காட்ட ஆள் இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் அவன் மீண்டும் வேலையற்றவனாகவோ, அன்றாடக் கூலியாகவோ ஆகிவிடுகின்றான். இந்தக் குறையை நீக்குவது எவ்வாறு என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருளாகும்.

தோட்டத்தில் கிடைத்த பயிற்சி

தோட்டப்புற வாழ்வில் தொழிற்பயிற்சி என்று தனியே ஒன்று இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தாய் தந்தையர் நிரைக்குச் செல்வர். பிள்ளைகள் உடன் செல்வர். பால்மரத்தில் கத்தியை எந்தச் சாய்வில் வைப்பது, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது, மரத்தின் உள்ளே காயம் படாமல் கையை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் அவர்கள் கற்றனர். தவறு செய்தால் திருத்துவதற்குத் தந்தை அருகிலேயே இருந்தார். பயிற்சியும் வழிகாட்டுதலும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் கிடைத்தன. சான்றிதழை எவரும் கேட்கவில்லை. தண்டலுக்கும் கங்காணிக்கும் ஒவ்வொருவரின் திறனும் நேரே தெரிந்திருந்தது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. நகரையொட்டிய நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போயிற்று. குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. தலைமுறைகளாகக் கைம்மாறி வந்த திறன், அங்கே ஒரு நாளில் மதிப்பிழந்தது. பட்டணத்தில் முதற் கேள்வியே வேறாக இருந்தது: "உன்னிடம் என்ன சான்றிதழ் இருக்கின்றது?"

அந்த நெருக்கடியின் தொடக்க காலத்திலேயே, 1960ஆம் ஆண்டில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகளின் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்கச் செய்த அம்முயற்சி இந்நாட்டு வரலாற்றில் நிலைத்துவிட்டது. தனியொருவனால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பது அதன் பாடம். அன்று காக்க வேண்டியிருந்தது நிலம். இன்று காக்க வேண்டியது திறன். நிலத்தை விற்றுவிடலாம், வெளியேற்றும் ஓலை வந்தால் வீட்டையும் இழக்கலாம். கைத்திறனோ ஊர் மாறினாலும் உடன் வரும்.

சான்றிதழ் என்னும் சாவி

கைத்தொழிலுக்கு இந்நாட்டில் முறையான ஏணி ஒன்று உண்டு என்பதை இன்னும் பல குடும்பங்கள் அறியவில்லை. 1989ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்பயிற்சி மன்றத்தின் பணியை, 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு திறன் மேம்பாட்டுத் துறை ஏற்று நடத்துகின்றது. அத்துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை எஸ்.கே.எம். என்று சுருக்கமாக அழைப்பர். முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமன்று, மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதே அடிப்படைத் தேவை. சில பயிற்சி நிலையங்கள் தத்தம் விதிகளைக் கூடுதலாக வைப்பதுண்டு. ஆக, பள்ளிக் கதவு மூடிய இடத்திலேயே மற்றொரு கதவு திறந்திருக்கின்றது.

"வகுப்பில் அமர்ந்து படிக்க இவனால் ஆகாது" என்று கவலையுறும் பெற்றோர்க்கும் ஒரு வழி உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நிகழ்கின்றது. எஞ்சிய 20 முதல் 30 விழுக்காடே பயிற்சி நிலைய வகுப்பு. ஜெர்மனி நாட்டு முறையைத் தழுவியது இது எனினும், தந்தையின் அருகில் நின்று பால்மரம் சீவக் கற்ற முறைக்கு இது அத்துணை தொலைவிலில்லை. செய்து கற்பது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. கற்றதை எழுதிச் சான்றாக்குவதே புதியது.

இனி, நடுவயதினரைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பட்டறையில் இருபது ஆண்டு உழைத்து, இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் ஒருவர், சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் கடைநிலைச் சம்பளத்திலேயே இருப்பதை யார்தான் கண்டதில்லை? அத்தகையோர்க்கெனவே முன்னனுபவத்தை ஏற்கும் முறை ஒன்று உள்ளது. மலாய் மொழிச் சுருக்கப்படி அதனைப் பி.பி.தி. என்பர். செய்த வேலைகளின் படங்கள், சம்பளச் சீட்டுகள், முதலாளியின் கடிதங்கள், பயிற்சிக் குறிப்புகள் முதலியவற்றைத் தொழில்தரப் பட்டியலுக்கேற்ப ஒரு கோப்பாகத் தொகுத்து அளித்தால், மதிப்பீட்டாளர் அதனை ஆராய்ந்து, தகுதி உண்டெனில் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். முழுநேர வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்பைத் தொகுப்பதே பலருக்குப் பெருமலையாகத் தோன்றுகின்றது. கையில் திருகுளி பிடித்தவர்க்குப் பேனா பிடிக்கக் கூச்சம். அங்கேதான் ஒரு துணை தேவைப்படுகின்றது.

மின்கம்பியிடும் தொழிலைச் செய்வோர் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். அத்தொழிலுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை. அது இல்லாதவர், வேலையைத் தாமே செய்திருந்தும், சான்றிதழ் உள்ள வேறொருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியவராகின்றார். உழைப்பு ஒருவருடையது, உரிமை மற்றொருவருடையது என்னும் நிலை நீடிக்கலாமா?

பணம் பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கின்றது. திறன் பயிற்சி பெறுவோர்க்குக் கடனுதவி அளிப்பதற்கென்றே 2004ஆம் ஆண்டின் சட்டத்தின்படி திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் இயங்கி வருகின்றது. அது கடன்; திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். வேலையில் இருப்போர்க்கு மற்றொரு வழி உண்டு. சட்டத்திற்குட்பட்ட துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிமார், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சிக்கென மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்துகின்றனர். அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவதன்று; தொழிலாளியின் பயிற்சிக்காக முதலாளி செலுத்துவது. "எனக்கு இன்ன பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா?" என்று பணிவுடன் கேட்பதற்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியாயம் உண்டு. கேட்பார் இல்லாதவிடத்து வாய்ப்பு கேட்டவரிடமே சென்று சேர்கின்றது.

வழித்துணைவர் யார்?

வழிகள் இத்தனை இருந்தும் பிள்ளைகள் ஏன் பாதியில் திரும்பி வந்துவிடுகின்றனர்? பெரும்பாலும் பாடம் கடினமாக இருந்ததனால் அன்று. விடுதியில் தனிமை, பேருந்து வசதியின்மை, பாதுகாப்புக் காலணி வாங்கப் பணமில்லாமை, பயிற்றுநர் சொன்ன ஒரு கடுஞ்சொல், மலாய் மொழியில் பேசத் தயக்கம், உடன் சுற்றிய நண்பர்கள் அன்றாடக் கூலியில் கையில் காசு பார்ப்பதைக் கண்டு எழும் ஆசை. இவை யாவும் சிறியவை. ஆனால் சொல்லி ஆறுவதற்கு ஆளில்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றே போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப.

வழித்துணைவர் என்பவர் இந்த இடத்திற்கு உரியவர். அவர் ஆசிரியர் அல்லர். அறிவுரை மழை பொழிபவரும் அல்லர். அதே தொழிலிலோ அதையொத்த தொழிலிலோ சில ஆண்டு முன்னே சென்றவர். வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயா? இந்த வாரம் என்ன கற்றாய்?" என்று கேட்பவர். விண்ணப்பப் படிவத்தை உடனிருந்து நிரப்புபவர். நேர்காணலுக்கு முந்தைய நாள், எப்படி அமர்வது, எப்படிப் பேசுவது என்று செய்து காட்டுபவர். முதற் சம்பளம் வந்ததும் அதில் ஒரு பகுதியைச் சேமிக்கச் சொல்பவர். தவறு செய்தால் பிறர்முன் கடிந்து பேசாமல் தனியே அழைத்துச் சொல்பவர்.

இத்தகைய துணை பயன் தரும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1982ஆம் ஆண்டில் டாக்டர் மு. தம்பிராஜா அவர்களின் முயற்சியால் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே பள்ளி மாணவர்களுக்குக் கற்பித்து வளர்ந்தது. அண்ணன்மாரும் அக்காள்மாரும் முன்னே சென்று தம்பி தங்கையரைக் கைபிடித்து அழைத்த முறை அது. அந்நிலையம் கல்வியையும் இறைவழிபாட்டையும் இணைத்தே நடத்தி வந்திருக்கின்றது. பல்கலைக்கழகம் நோக்கிச் சென்றோர்க்குக் கிடைத்த அந்தக் கை, பட்டறை நோக்கிச் செல்வோர்க்கும் கிடைத்தல் வேண்டாமா?

விரதமும் பயிற்சியே

தொழில் மட்டும் ஒருவனை உயர்த்திவிடாது. தன்னை ஆளும் பழக்கமும் உடன் வேண்டும். அதனை இளைஞர்கள் புதிதாக எங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்திற்கு விரதம் ஏற்பவன், நாவை அடக்குகின்றான், விடியுமுன் எழுகின்றான், தீய பழக்கத்தை விலக்குகின்றான், குறித்த நாளில் குறித்த நேர்த்தியை முடிக்கின்றான். இத்துணை உறுதி உள்ளவனால் காலை எட்டு மணிக்கு வேலையிடத்தில் நிற்க முடியாதா? ஆறு மாதப் பயிற்சியை முடிக்க முடியாதா? விரதத்தில் காட்டிய ஒழுங்கை விரதம் முடிந்த பின்னும் விடாதிருக்கச் சொல்வதே பெரியோர் கடமை.

ஆலயம் செய்யக்கூடியவை

"இது ஆலயத்தின் வேலையா?" என்று சிலர் வினவலாம். தோட்டத்து ஆலயம் வெறும் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததில்லை. வழக்கு தீர்த்ததும், நாடகம் போட்டதும், ஊர் கூடியதும் அங்கேதான். தோட்டம் மறைந்த பின்னும் ஆலயம் நிற்கின்றது. மக்கள் கூடும் இடம் வேறில்லாதபோது, நல்ல செயலும் இங்கிருந்தே தொடங்குதல் இயல்பு. பெருஞ்செலவு வேண்டாத நான்கு செயல்கள் கருதத்தக்கவை.

முதலாவது, ஆலய உறுப்பினருள் தொழில் அறிந்தோரின் பதிவேடு. மின்கம்பியாளர், பற்றவைப்பவர், குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர், தாதியர், கணக்கர், சமையற்கலைஞர், தையற்கலைஞர், குழந்தைப் பராமரிப்பாளர் என எத்தனையோ பேர் இருக்கின்றனர். ஒருவர் இருப்பது மற்றவர்க்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஒருவர்க்கு ஒருவர் என்னும் முறை. ஒரு வழித்துணைவருக்கு ஓர் இளைஞர், கூடினால் இருவர், ஓராண்டுக் காலம். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே துணையாதல் வேண்டும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். கடன் கொடுப்பதும் வாங்குவதும் இருவர்க்கிடையே கூடாது. உறவு, வேண்டியவர் என்னும் கணக்கும் கூடாது. இவ்விதிகள் தளர்ந்தால் நல்ல முயற்சியும் பூசலில் முடியும்.

மூன்றாவது, மாதம் ஒரு மாலை ஆலய மண்டபத்தில் கோப்புத் தொகுக்கும் கூட்டம். அனுபவசாலிகள் தம் பழைய கடிதங்களையும் படங்களையும் கொண்டு வரட்டும். எழுதத் தெரிந்த மாணவர்கள் உட்கார்ந்து எழுதித் தரட்டும். மூத்தவர்க்குச் சான்றிதழ் கிட்டும். இளையவர்க்கு உழைப்பின் அருமை புலப்படும்.

நான்காவது, சிறு நிதி ஒன்று. கட்டணம் செலுத்துவதற்கன்று, அதற்கு வேறு வழிகள் உள. பேருந்துச் செலவு, காலணி, முதற் கருவிப்பெட்டி ஆகியவற்றுக்கு. திருவிழா உபயத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க முன்வரும் குடும்பங்கள் இல்லாமற் போகா.

அன்பர்களே! கோபுரத் திருப்பணிக்குச் சிற்பிகளைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கும்போது, அவர்தம் அருகில் உளியெடுத்துத் தரும் இளையவன் ஒருவன் இருப்பதைக் காணலாம். அவன் இன்று எடுத்துத் தருகின்றான். நாளை தானே செதுக்குவான். மூத்தவர் அருகில் ஓர் இளையவனுக்கு இடம் விட்டதனாலேயே அக்கலை இத்தனை நூற்றாண்டு நிலைத்திருக்கின்றது. இங்கு அமர்ந்துள்ள தொழில் தெரிந்த பெரியோர் ஒவ்வொருவரும் தம் அருகில் அத்தகைய இடம் ஒன்றை விடுவாராயின், அடுத்த திருவிழாவிற்குள் இந்த ஊரில் சில வீடுகளிலேனும் விளக்கு இன்னும் பிரகாசமாய் எரியும்.

கந்தன் திருவருளால் இளைஞர் கைகள் திறம் பெறுக! அவர்க்குத் துணை நிற்கும் நெஞ்சங்கள் பெருகுக!