ஐந்தாம் வகுப்போடு நிற்கலாமா?

சபரகமுவத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி குறித்து நிகழ்த்திய உரை



இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியும், தேயிலைக் கொழுந்து பறித்தும் இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்கள் நாம். நம் பிள்ளைகளுக்குக் கல்வி எவ்வாறு அளந்து கொடுக்கப்பட்டது, இனி நாம் கேட்க வேண்டியது யாது என்பனவற்றையே இன்று பேச விழைகின்றோம்.

1907 ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் இயற்றிற்று. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் துரையின் கடமை என்றது அச்சட்டம். கேட்பதற்கு இனிய சொல்! ஆனால், பத்து வயதோடு அக்கடமை ஏன் முடிந்தது? அதன்பின் அப்பிள்ளையின் கைகள் தோட்டத்திற்குத் தேவைப்பட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு: இதுவே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று.

1945 இல் கன்னங்கரா அவர்கள் கொணர்ந்த இலவசக் கல்வி, கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வாசல் திறக்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம் பெற்றோரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவன் பிள்ளைக்காகச் சட்டசபையில் வாதாட எவர் முன்வருவார்? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி பிறந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின்! அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே வீழ்ந்தது. அப்பொழுதும் நமக்கு அமைதி கிட்டவில்லை. 1977 இலும் 1981 இலும் மூண்ட வன்செயல்களால் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தன.

பின்னர் சுவீடன் நாட்டு உதவியால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியரைப் பயிற்றக் கொட்டகலைப் பகுதியில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. இவற்றை நன்றியோடு நினைவுகூருகின்றோம். ஆயினும், சபரகமுவவின் நிலை நுவரெலியாவின் நிலையன்று. இங்கே தோட்டங்கள் சிறியன; சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பன. ஆதலின் ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகள் சிலரே. அதனால் மேல்வகுப்புகள் அமைவதில்லை. தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலை இங்கே அரிதினும் அரிது. வசதியுள்ளவன் பிள்ளையை அட்டனுக்கோ கொழும்புக்கோ அனுப்புகின்றான். இல்லாதவன் அருகிலுள்ள சிங்களப் பாடசாலையில் சேர்க்கின்றான், அல்லது நிறுத்திவிடுகின்றான்.

சிங்களம் கற்பதை நாம் குறை கூறவில்லை. அயலவர் மொழியை அறிவது நன்றே. தமிழில் வகுப்பில்லாமையால் தாய்மொழியைக் கைவிட நேர்வதே கொடுமை.

பிலிப்பைன் தீவுகளைப் பாருங்கள். 1901 இல் அமெரிக்கா கப்பல் நிறைய ஆசிரியரை அனுப்பி, ஆங்கிலத்திலேயே கல்வி புகட்டிற்று. பாடசாலைகள் பெருகின. ஆனால், பெரும்பாலான பிள்ளைகள் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை என்பதையும், அந்நிய மொழி அவர்க்குப் பெருஞ்சுமையாய் இருந்தது என்பதையும் 1925 இல் மன்றோ ஆய்வுக்குழு எடுத்துக்காட்டிற்று. பாடசாலையைத் திறந்தால் மட்டும் போதாது. பிள்ளை அறிந்த மொழியில், இறுதிப்படி வரை வழி திறந்திருத்தல் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் கோரிக்கை பெரிதன்று. இரு மாவட்டங்களிலும், எல்லாத் துறைகளையும் தமிழில் உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலை ஒவ்வொன்றேனும் வேண்டும். தூரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு விடுதியும் பேருந்தும் வேண்டும். விஞ்ஞான, கணித ஆசிரியர் இடங்கள் வெறுமையாய்க் கிடத்தலாகாது. இது பிச்சையன்று, இரு தேசிய மொழிகளுள் எதனிலும் கல்வி பெறும் உரிமையை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை நமக்கு வழங்கியிருக்கின்றது.

படித்து உத்தியோகம் பெற்ற அன்பர்களே! வார இறுதியில் ஒரு நாள் உங்கள் பழைய தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். நிலமுடைய விவசாயப் பெருமக்களே! விடுதிக்கு ஒரு துண்டு நிலம் தர முன்வாருங்கள். அன்று நமக்கு வாக்கில்லை, இன்று உண்டு. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் என்னும் பழிச்சொல்லும் நீங்கிற்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒரே கேள்வி கேட்போம்: “எங்கள் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு எங்கே போவான்? அங்கிருந்து பல்கலைக்கழகத்திற்கு எவ்வழி போவான்?”

விடை சொல்வோருக்கே நம் வாக்கு.