கழற்றிய முகக்கவசம் யார் கைக்குப் போகிறது?

மருத்துவமனையில் கழற்றிய முகக்கவசமும் கையுறையும் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பையின் நிறம் முதல் ஏற்றிச் செல்லும் வண்டி வரை எல்லாவற்றையும் வரையறுத்திருக்கின்றன. இனிப்புக் கடையில் லட்டு அடுக்குபவர், அழகு நிலையத்தில் முடிச்சாயம் பூசுபவர், மாவு மில்லில் தூசிக்கு நடுவே நிற்பவர், பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்குப் பயந்து மூக்கை மூடிக்கொள்பவர் ஆகியோரும் இதே பொருள்களைத்தான் போட்டுக் கழற்றுகிறார்கள். அவை பெரும்பாலும் கல்லாவுக்குக் கீழே இருக்கும் ஒற்றைக் கூடையில், டீ கப்போடும் சாப்பாட்டு மிச்சத்தோடும் விழுகின்றன. அங்கிருந்து அவை இன்னொருவர் கைக்குப் போகின்றன. அந்தக் கையை நினைத்து ஏற்பாடு செய்ய வேண்டியவர் அந்த இடத்தை நடத்துபவர். இந்த உரையில் நான் வாதிடப்போவது இதைத்தான்.

இதற்கான வழிமுறையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி வெளியிட்டபோது கடைகள், வணிக வளாகங்கள், அலுவலகங்களையும் சேர்த்துக்கொண்டது. பொதுமக்கள் கழற்றிப்போடும் முகக்கவசம், கையுறைகளைத் தனித் தொட்டியில் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு வெட்டி, உலர் கழிவாகக் கொடுக்க வேண்டும் என்றது அது. அந்த 72 மணி நேரம் காற்றில் பிடித்த எண்ணல்ல. அதே ஆண்டு மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பிளாஸ்டிக் பரப்பில் வைத்த வைரஸின் அளவு 72 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அடுத்த மாதமே ஹாங்காங் ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் வெளிப்புறத்தில் ஏழாம் நாளிலும் வைரஸைக் கண்டார்களே, அப்படியானால் மூன்று நாள் போதுமா என்று கேட்கலாம். அவர்கள் கண்டது தொடக்க அளவில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு, அதுவும் ஆய்வகத்தில் வேண்டுமென்றே தாராளமாகத் தடவிய கிருமியில். மூன்று நாள் காத்திருப்பு ஆபத்தை முற்றாகத் துடைத்துவிடாது. செலவில்லாமல் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும்.

கொரோனாதான் போய்விட்டதே, உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தச் சடங்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தொட்ட பொருளால் கொரோனா பரவும் வாய்ப்பு குறைவு என்பதும் பின்னர் தெளிவாகிவிட்டது. ஆனால் ஒரு முகக்கவசத்தில் இருப்பது ஒரே ஒரு வைரஸ் அல்ல. எட்டு மணி நேரத்து எச்சில், சளி, வியர்வை, எந்தக் காய்ச்சலோ அதன் கிருமி. நமக்கு அது குப்பை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு அது கையால் எடுத்தாக வேண்டிய பொருள். கிருமி வாதத்தை முழுவதும் ஒதுக்கிவிட்டாலும் வெட்ட வேண்டிய காரணம் அப்படியே நிற்கிறது. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் நகரில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய முகக்கவசங்களை அடைத்து மெத்தை செய்துகொண்டிருந்த தொழிற்கூடம் ஒன்று காவல்துறையிடம் சிக்கியது. முழுசாகக் கிடக்கும் கவசத்துக்கு இப்படியும் ஒரு சந்தை உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் நகரக் கால்வாயில் 2020ஆம் ஆண்டு ஒரு கையுறையின் விரலுக்குள் மாட்டிச் செத்த மீன் ஒன்று கிடைத்தது. காது நாடாவை அறுத்து, கவசத்தைக் குறுக்கே வெட்டி, கையுறையின் விரல்களை நறுக்கிவிட்டால் விற்கவும் முடியாது, எதுவும் சிக்கவும் செய்யாது. வெட்டுவதே தொற்றுக்கு வழியாகாதா என்றால், போட்டவரே கழற்றியவுடன் வெட்டிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவட்டும். அது அவருடைய எச்சில்தானே.

இதற்கு நேர்மாறான வாதமும் ஒன்று இருக்கிறது: அவ்வளவு அசுத்தம் என்றால் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டி மருத்துவக் கழிவோடு அனுப்பிவிடலாமே என்பது. கேட்கப் பொறுப்பாகத் தோன்றும் யோசனை, நடைமுறையில் கெடுதல். 2021 மே மாதத்தில் நாட்டில் கொரோனாவை ஒட்டிய மருத்துவக் கழிவு மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 200 டன்னைத் தொட்டது. அதை எரிக்கும் பொது நிலையங்கள் உண்மையான தொற்றுக் கழிவுக்காகக் கட்டப்பட்டவை. ஊரிலுள்ள கடைகளின் குப்பையெல்லாம் அங்கே குவிந்தால், ரத்தம் படிந்த பஞ்சு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். தீ வைத்துவிடுவது இன்னும் மோசம். வினைல் கையுறை பி.வி.சி.யால் ஆனது, திறந்தவெளியில் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் கிளம்பும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

எங்கள் கடையே எட்டுக்குப் பத்து, மூன்று நாள் குப்பையை எங்கே வைப்பது என்பதுதான் சிறு வணிகர்கள் சொல்லும் மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுவை சிகிச்சை முகக்கவசம் ஒன்று சுமார் 3 கிராம். பத்துப் பேர் தினம் ஒன்று கழற்றினால், 25 வேலை நாளில் 250 கவசம்; ஒரு கிலோகூட வராது. கையுறை இதைவிடக் கனம்தான், என்றாலும் மூடி போட்ட ஒரு தொட்டியும் இரண்டு பைகளும் போதும். ஒரு பை நிறைந்ததும் கட்டித் தேதி எழுதி ஒதுக்கி வைத்தால், இரண்டாவது நிறைவதற்குள் முதல் பையின் கெடு முடிந்திருக்கும். கையுறைக் கனத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஒரே கையுறையோடு பணத்தை வாங்கிப் போட்டு, அதே கையால் பலகாரத்தை எடுத்துக் கொடுப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த இடத்தில் சோப்பும் தண்ணீரும் கையுறையைவிட நன்றாக வேலை செய்யும், குப்பையும் சேராது.

தனியாகச் சேர்த்தது தனியாகவே போக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த முகக்கவசங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனவை, தோற்றம்தான் துணி. மக்கும் குப்பையில் விழுந்தால் உரத்தோடு கலந்து, நாளடைவில் நுண்ணிழைகளாக உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஈரம் படாமல் வந்தால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது. மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாகப் பெற்றுக்கொள்கின்றன. 1,400 டிகிரியைத் தாண்டும் சூளையில் கிருமியும் மிஞ்சாது, இழையும் மிஞ்சாது. சாம்பார் ஊறிய கவசத்தை யார் எரிபொருளாக வாங்குவார்? பெயிண்டோ கரைப்பானோ ஊறிய பட்டறைக் கையுறைகளை இந்தப் பையில் போடவே கூடாது. அவற்றுக்கு அபாயகரக் கழிவு விதிகள் தனியாக இருக்கின்றன.

துப்புரவு வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று, இனி அது அவர் பாடு என்பது பெரிய அலுவலகங்களின் பதில். திடக்கழிவு விதிகள் தரம் பிரிக்கும் கடமையைக் குப்பையை உண்டாக்குபவர் மீதுதான் வைத்திருக்கின்றன; ஒப்பந்தம் போட்டதால் அது கைமாறிவிடாது. பையை எந்தக் கிழமை கட்டுவது, யார் பொறுப்பில் தேதி எழுதுவது, மாநகராட்சி வண்டியில் எதோடு சேர்க்காமல் கொடுப்பது என்ற மூன்று வரிகளை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கப் பணம் எதுவும் ஆகாது. அந்தப் பையைத் தூக்குபவர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை வாங்கிக் கொடுக்க மட்டும் கொஞ்சம் ஆகும். அதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.