பாரிஸ் பயணம்: முழங்காலைக் கேட்டுத் திட்டமிடுங்கள்



ஓய்வு பெற்ற தாய் தந்தையரை ஒருமுறையாவது ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற ஆசை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் பணம் சேர்க்கிறார்கள். ஊழியர் சேமநிதியில் இருந்து அப்பாவும் ஒரு தொகையை எடுத்துத் தருகிறார். பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கப்படும் நகரம் பாரிஸ். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை விசா இல்லாமலேயே அங்கே தங்கலாம். கோலாலம்பூரிலிருந்து பாரிசுக்கு மலேசியா ஏர்லைன்ஸ் நேரடி விமானச் சேவையும் 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது.

பயணம் முடிவானதும் பட்டியல் தயாராகும். நான்கு நாட்களில் பன்னிரண்டு இடங்கள். முதல் நாள் உற்சாகம். இரண்டாம் நாள் எல்லோரும் கொஞ்சம் மௌனமாகிறார்கள். மூன்றாம் நாள் காலையில், "நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் அறையிலேயே இருக்கிறோம்" என்கிறார் அம்மா. கேட்டால் களைப்பு என்பார், வலி என்று சொல்லமாட்டார். பிள்ளைகள் இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்த இடத்தில் தன் முழங்கால் ஒரு தடையாகிவிடக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். யாருக்காகப் பயணமோ அவர் விடுதி அறையில் படுத்திருக்க, மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இது தவிர்க்கக்கூடியது. பாரிஸ் எப்படிப்பட்ட நகரம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் சுரங்க ரயிலை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் மெட்ரோ 1900ஆம் ஆண்டு தொடங்கியது. 300க்கும் அதிகமான நிலையங்கள், நகரத்தின் எந்த மூலைக்கும் வழி. எல்லாப் பயணக் கையேடுகளும் இதையே பரிந்துரைக்கின்றன. ஆனால் கோலாலம்பூரின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நிலையங்களில் மின்தூக்கிக்குப் பழகியவர்களுக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. நூறாண்டுக்கு முன் தோண்டிய நிலையங்கள் என்பதால் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. முழுத் தடத்திலும் மின்தூக்கி உள்ள வழித்தடம் 14ஆம் எண் தடம்தான். அதுவும் 1998இல் திறக்கப்பட்ட புதிய தடம். ஷாத்லே, மோன்பர்னாஸ் போன்ற பெரிய நிலையங்களில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே நீண்ட சுரங்கப் பாதைகளில் ஏறி இறங்கி நடக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை ரயில் மாறினால், எந்த இடத்தையும் பார்ப்பதற்கு முன்பே கால் ஓய்ந்துவிடும்.

மாற்று வழி பேருந்து. பாரிஸ் நகரப் பேருந்துகள் தாழ்தளம் கொண்டவை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் உண்டு. வேகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சன்னலோரம் உட்கார்ந்தால் போகும் வழியே ஒரு சுற்றுலாவாகிவிடுகிறது. குறிப்பாக 69ஆம் எண் பேருந்து ஐஃபல் கோபுரத்தை அடுத்த ஷாம்ப் து மார்ஸ் பூங்கா அருகிலிருந்து புறப்பட்டு ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர், நகர மண்டபம், பாஸ்தீய் சதுக்கம் என்று நகரின் நடுப்பகுதியைக் கடந்து செல்கிறது. 2025 ஜனவரியில் கட்டணம் எளிமையாக்கப்பட்டபோது பேருந்துக்கு 2 யூரோ, மெட்ரோவுக்கு 2.50 யூரோ என்று ஆனது. 2026 தொடக்கத்தில் இரண்டிலும் 5 காசு கூடியது. ஒரே பேருந்துச் சீட்டில் 90 நிமிடத்துக்குள் இன்னொரு பேருந்துக்கு மாறிக்கொள்ளவும் முடியும். நவிகோ ஈசி என்ற அட்டையை வாங்கி அதில் சீட்டுகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓர் அட்டையை நான்கு பேர் தட்டிக் கொண்டு போக முடியாது, ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

அடுத்தது வந்திறங்கும் நாள். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம். அதன்பின் குடிநுழைவு வரிசை. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய நாடுகள் கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல் ரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தன. முதல் முறை செல்பவருக்கு இதனால் நேரம் கூடலாம். நீண்ட நேரம் நிற்க முடியாத பெற்றோருக்கு, புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்துவிடுவது நல்லது. இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். வீட்டில் நன்றாக நடப்பவர்தானே என்று நினைக்கிறார்கள். ஒரு மணி நேரம் நிற்பது வேறு, நடப்பது வேறு.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலில் போவதுதான் சிக்கனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒருவருக்கு அது சரி. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் ரயில் கட்டணம் ஆளுக்கு 13 யூரோ, நால்வருக்கு 52 யூரோ. அதே ஆண்டில் டாக்சிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், சேன் ஆற்றின் வடகரைப் பகுதிக்கு 56 யூரோ, தென்கரைப் பகுதிக்கு 65 யூரோ. வெறும் 4 யூரோவை மிச்சப்படுத்தப் பெட்டிகளோடு படியேறி இறங்கி ரயில் மாற வேண்டுமா என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும் கவனம். வருகைக் கூடத்திலேயே "டாக்சி, டாக்சி" என்று அணுகுபவர்களுடன் போகக் கூடாது. வெளியே அறிவிப்புப் பலகை காட்டும் டாக்சி நிறுத்தத்தில் வரிசையில் நின்று ஏற வேண்டும்.

விடுதியைப் பதிவு செய்யும்போது விலையையும் படத்தையும் மட்டும் பார்ப்பது வழக்கம். பாரிசின் நடுப்பகுதிக் கட்டடங்களில் பல 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மின்தூக்கி இல்லாத விடுதிகள் உண்டு. இருந்தாலும் இரண்டு பேரும் ஒரு பெட்டியும் நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். மின்தூக்கி இருக்கிறதா, அது அறை உள்ள மாடிவரை போகிறதா, அதை எட்டுவதற்கு முன் படிகள் உண்டா என்று எழுதிக் கேட்டுவிட வேண்டும். பேருந்து நிறுத்தம் அருகில் இருப்பது, ஐஃபல் கோபுரம் சன்னலில் தெரிவதைவிடப் பயனுள்ளது. மின்செருகிக்கு இரண்டு உருளைக் கம்பிகள் என்பதால், நம் மூன்று முனைச் செருகிக்கு மாற்றி எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை படிகள் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

ஐஃபல் கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது. இரண்டாம் தளம்வரை படியில் ஏறினால் 674 படிகள் என்பதால் மின்தூக்கிச் சீட்டைத்தான் எடுக்க வேண்டும். கோபுரத்தின் அதிகாரத்துவ இணையத்தளத்தில் 60 நாட்களுக்கு முன்பே விற்பனை தொடங்கிவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இரண்டாம் தளம்வரைதான் அனுமதி. அங்கிருந்தே நகரம் நன்றாகத் தெரியும்.

2019இல் தீப்பிடித்துச் சேதமடைந்த நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே செல்லக் கட்டணமில்லை. முன்பதிவு கட்டாயமில்லை, செய்தாலும் இலவசம். யாராவது நுழைவுச் சீட்டு விற்றால் அது ஏமாற்று. தேவாலயக் கோபுரத்தின் மேலே ஏறத்தான் 424 படிகள். அதைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமையும் மூடியிருக்கும். லூவ்ரில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான கட்டணம் 2026 ஜனவரி முதல் 32 யூரோ. சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும், அதற்குப் பணம் இல்லை. மோனா லிசாவைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்பது பலருக்குக் களைப்பைத்தான் தருகிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் அமைந்த ஓர்சே அளவில் சிறியது, வயதானவர்களுக்கு ஏற்றது. போம்பிதூ மையம் சீரமைப்புக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. 2030இல்தான் திறக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய கையேட்டை நம்பிப் போய் ஏமாற வேண்டாம்.

மோன்மார்த்ர் குன்றின்மேல் உள்ள சாக்ரே கேர் தேவாலயத்துக்கு 222 படிகள். பக்கத்திலேயே கம்பிவட ரயில் இருக்கிறது. மெட்ரோ சீட்டே அதற்கும் செல்லும். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க வேண்டும் என்றால் கலரி லஃபாயெத் பேரங்காடியின் மொட்டை மாடிக்குப் போகலாம், கட்டணம் இல்லை. மாலையில் சேன் ஆற்றில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி போனால், நடக்காமலேயே பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம்.

நடைமுறையில் இன்னொரு கவலை கழிப்பறை. இதைப் பெற்றோர் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. பாரிஸ் தெருக்களில் இலவசத் தானியங்கிக் கழிப்பறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டு அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே நுழையக் கூடாது, பச்சை விளக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். தெருவோரக் குடிநீர்க் குழாய்களும் ஏராளம். 1872 முதல் நிற்கும் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகளின் தண்ணீரும் குடிக்கத் தக்கதே. உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் சாப்பிடுபவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது. தனியாக அன்பளிப்பு தரவேண்டிய கட்டாயமில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் லா சப்பல் பகுதி இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் உருவாக்கிய கடைவீதி அது. சோறு, இடியப்பம், தோசை எல்லாம் கிடைக்கும். 1985இல் தொடங்கிய ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். மூன்று நாள் ரொட்டிக்குப் பிறகு தமிழ்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது பெரியவர்களின் முகம் மலரும். இதைக் கடைசி நாளுக்கு வைக்காமல் நடுவில் வைப்பது நல்லது.

பிக்பாக்கெட் தொல்லை உண்மை. ஐஃபல் கோபுரம், லூவ்ர், சாக்ரே கேர், 1ஆம் எண் மெட்ரோ ஆகிய இடங்களில் அதிகம். மனுவில் கையெழுத்து கேட்பவர், கையில் கயிறு கட்ட வருபவர், கீழே கிடந்த மோதிரத்தை எடுத்து நீட்டுபவர், எல்லோரும் கவனத்தைத் திருப்பவே வருகிறார்கள். மரியாதைக்காக நின்று பதில் சொல்லும் பழக்கம் உள்ள நம் பெரியவர்கள் எளிதில் சிக்கிக்கொள்வார்கள். பதில் சொல்லாமல் நடப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல என்பதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். அதே சமயம் கடையிலோ பேருந்திலோ ஏறியதும் "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குவது அந்த ஊர்ப் பண்பு. அந்த ஒரு வார்த்தைக்குப் பலன் உண்டு.

பெற்றோர் சட்டைப் பையில் விடுதியின் பெயர், முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். ரயில் கதவு மூடி யாராவது பிரிந்துவிட்டால், போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் தேடி வருவார்கள் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளைக் கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்தகம். அவசர மருத்துவ உதவிக்கு 15, எல்லா அவசரத்துக்கும் 112. பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுவது அவசியம். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

நேயர்களே, இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். காலையில் ஒன்று, மதியம் ஓய்வு, மாலையில் ஒன்று. நான்கு நாட்களில் எட்டு இடங்கள். விட்டுப்போன நான்கைப் பற்றி வீடு திரும்பிய பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. "கால் வலிக்கிறதா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் இல்லை என்றுதான் சொல்வார். அதனால் கேட்கவே வேண்டாம். அடுத்த நிழலில் ஒரு பெஞ்சைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் உட்கார்ந்துவிட்டால் போதும், அவரும் தயக்கமின்றிப் பக்கத்தில் வந்து உட்காருவார்.