வலியைப் பாடச் சொல்லுங்கள்

(தலைப்பு: நீண்ட நாள் நோயாளிக்குப் பெருந்துணை உறவா, இசையா? 'இசையே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! ஏலகிரிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தோம். வளைவுக்கு வளைவு ஒரு புலவர் பேரு, இல்லேன்னா ஒரு வள்ளல் பேரு. கபிலர்கிட்ட வண்டி திரும்பினப்போ தலை சுத்திச்சு. பாரிகிட்ட வயித்தைப் புரட்டிச்சு. (சிரிப்பு) டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார். வயிறு அடங்கிப் போச்சு. எங்க அணி மலை ஏறும்போதே ஜெயிச்சாச்சு! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்டார்: "பாட்டு வந்து கஞ்சி வச்சுக் கொடுக்குமா?" கொடுக்காது ஐயா. ஆனால் 'காஞ்சி' கொடுக்கும்! புறநானூற்றில் 281-ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், யாழ் மீட்டிக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். கஞ்சியும் வேணும், காஞ்சியும் வேணும் என்று தெரிந்த இனம் ஐயா நம் இனம்! (கைதட்டல்)

அது எங்கோ நடந்த கதை என்பீர்களா? பக்கத்திலேயே காட்டுகிறேன். இங்கிருந்து தெற்கே போனால் செங்கம். அந்தச் செங்கத்து மன்னன் நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். மலையில் கேட்கும் ஓசைகளை எல்லாம் புலவர் அடுக்குகிறார். அதில் ஓர் ஓசை, புலி பாய்ந்து மார்பில் காயம்பட்ட கணவனுக்கு, புண் ஆற வேண்டும் என்று குறத்திப் பெண்கள் பாடுகிற பாட்டு. மனைவி என்பவள் உறவுதானே? எதிரணியின் சாட்சிதானே? அந்த உறவு வந்து என்ன செய்தது? பாடியது! (பலத்த கைதட்டல்)

இனி, சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பத்து நாள் காய்ச்சல் என்றால் உறவு ஆரஞ்சுப் பழத்தோடு வரும். பத்து வருஷ முடக்குவாதம் என்றால் யார் வருவார்கள்? நமக்கு வேலூர் பக்கம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று ஊர் ஊராக ஜனங்கள் தேடி வரும் இடம். மாதம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்கலாம். மீதி 29 நாள்? ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால்? ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டிய மகளை எழுப்பலாமா? எழுப்பலாம், ஒரு நாள். தினமும் எழுப்ப அந்தத் தாய்க்கு மனசு வராது. மகள் வெறுக்கவில்லை ஐயா, களைத்திருக்கிறாள். அந்த இரண்டு மணிக்கு அந்தத் தாய்க்கு யார் துணை?

அப்பரைக் கேளுங்கள். ஆம்பூரில் 'அப்பர்' என்றால் ஷூவின் மேல்தோல். (சிரிப்பு) நான் சொல்வது ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசர். தீராத சூலை நோய். மருத்துவம் பார்த்தவர்கள் கைவிட்டார்கள். திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் பாடினார். நோய் நீங்கியது என்கிறது பெரியபுராணம்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த முதல் பதிகத்தில் அவர் வலியை மறைக்கவில்லை. குடலோடு சேர்த்து முறுக்குகிறதே என்று கதறுகிறார். வலியை நூறு தடவை சொன்னால் வீடு சலித்துப் போகும். பாடினால்? 1300 ஆண்டாகியும் நாம் சலிக்கவில்லையே! வயிற்று வலி வந்தவர்கள் இன்றும் அதே பதிகத்தைப் பாடுகிறார்களே! தன் வலியைப் பாட்டாக்கியவர் அடுத்தவர் வலிக்கும் துணையானார். மாத்திரை, கஞ்சி, இரக்கம் என்று நோயாளி வாங்கிக்கொண்டே இருக்கிறார். பாடும்போதுதான் அவர் கொடுக்கிறவர் ஆகிறார். (கைதட்டல்)

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பக்கவாதத்தில் பேச்சு போன சிலருக்குப் பாட மட்டும் வரும். அதை வைத்தே ராகம் போட்டுப் பேச்சைப் பழக்கும் முறையை 1973-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நடுக்குவாதக்காரர் கால் தயங்கும்போது, தாளம் கேட்டால் நடை சீராகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோயாளிகளின் பதற்றமும் வலியும் இசையால் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

அதற்காக இன்சுலினை நிறுத்திவிட்டு ஆனந்த பைரவி பாடாதீர்கள்! (சிரிப்பு) டயாலிசிஸ் செய்கிற வேலையை எந்த ராகமும் செய்யாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறாரே, அந்த நாலு மணி நேரத்தை எப்படிக் கடப்பது? ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்யட்டும். மனசை ஒரு பாட்டு பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் நோயாளி இருந்தால் உங்களுக்குப் பிடித்த பாட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். "அம்மா, உனக்கு எந்தப் பாட்டு வேணும்?" என்று கேளுங்கள். பிறகு, "நீயே ஒரு அடி பாடேன்" என்று சொல்லுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ளட்டும். வலிக்கு முனகல் மட்டும்தான் மொழி என்றிருந்த வீட்டில், அன்று இன்னொரு மொழி பிறக்கும்.

உறவு உறங்கும் நேரத்திலும் உறங்காத துணை இசையே என்று தீர்ப்பு வழங்க நடுவர் அவர்களை வேண்டி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)