தேரும் முட்டுக்கட்டையும்



நல்ல காரியம் ஒன்று நடைபெறும் வேளையில் ஒருவர் குறுக்கே நின்று தடுத்தால், அவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று நாம் குறை கூறுகிறோம். செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் இச்சொல் பழிச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. ஆனால் இச்சொல்லின் பிறப்பிடமாகிய தேரடிக்குச் சென்று பார்ப்போமாயின், அங்கே முட்டுக்கட்டைக்கு உள்ள மதிப்பே வேறு. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். முட்டுக்கட்டை போட அறிந்த நால்வர் வாராவிடில் தேர் நிலையை விட்டுப் புறப்படாது. ஓடுகின்ற பெருஞ்சுமையை நிறுத்துவது எங்ஙனம், அதனை நிறுத்துகின்றவர்க்கு நாம் கடமைப்பட்டிருப்பது யாது என்பனவே இன்றைய உரையின் பொருள்.

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருப்புறம் என்னும் ஊர் இருக்கின்றது. பாறசாலையும் அதனைச் சுற்றியுள்ள எல்லைச் சிற்றூர்களும் அதற்கு அண்மையில் உள்ளவை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே சென்றது. உறவும் திருவிழாவும் அக்கோட்டைக் கடந்து வழக்கம்போல் நடந்து வந்தன. திருப்புறத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றால் சுசீந்திரம். அங்கே தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டம் நடைபெறும். எல்லைக்கு இப்பால் வாழும் தமிழருக்கும் அது தம் ஊர்த் திருவிழாவே. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழுகின்ற நம்மவர்க்குத் தத்தம் ஊர்த்தேர் எவ்வாறோ, அவ்வாறே இது இவர்களுக்கு.

இனி நிறுத்தும் கலைக்கு வருவோம். சுமையை இழுப்பதற்குப் பலம் போதும். நிறுத்துவதற்குக் கணக்கும் வேண்டும். திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக் கொள்வோம். அலங்காரம் முழுமையும் அமைந்த நிலையில் அதன் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். அது ஆளின் மெல்லிய நடை வேகத்தில், அதாவது ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் வீதம், நகர்வதாகக் கொள்வோம். இழுப்பவர்கள் வடத்தைக் கீழே போட்டு விட்டாலும் தேர் உடனே நின்று விடாது. தன் ஓட்டத்தினாலேயே மேலும் செல்லும். வீதி 50 அடிக்கு ஓர் அடி சரிந்திருந்தால், அச்சரிவு மட்டுமே 6 டன் எடைக்கு ஒப்பான விசையோடு தேரை ஓயாமல் முன்னுக்குத் தள்ளும். முன்னே வடம் பிடித்து நிற்போர் அதனைத் தடுக்க இயலாது. கயிற்றினால் இழுக்கலாமேயன்றித் தள்ள இயலாது என்பது சிறு பிள்ளையும் அறிந்த உண்மையன்றோ?

இத்தகைய சுமையை ஒரு மரத்துண்டு நிறுத்துகின்றது. முட்டுக்கட்டையைச் சில ஊர்களில் சறுக்குக்கட்டை என்றும் கூறுவர். புளி போன்ற வன்மரத்தில், ஒரு புறம் தடித்தும் மறுபுறம் சரிந்தும் ஆப்பு வடிவில் செதுக்கப்படுவது அது. ஓடும் சக்கரத்தின் முன்னே சரிந்த முகம் சக்கரத்தை நோக்கியிருக்குமாறு அதனை வைப்பர். சக்கரம் அச்சரிவில் ஏற முற்படும். ஏறுவதென்றால் தேரின் எடையை மேலே தூக்குவது என்று பொருள். ஓட்டத்தில் இருந்த ஆற்றல் தூக்குவதில் செலவாகித் தேர் தளர்ந்து நிற்கின்றது. கட்டையும் சக்கரத்தால் நெருக்கப்பட்டுத் தரையோடு உராய்ந்து இழுபடும். அவ்வுராய்வும் வேகத்தை உண்ணும். சில வேளைகளில் கட்டை தீய்ந்து புகையும். சில வேளைகளில் நொறுங்கியே போகும். ஆகையால் ஒரு தேரோட்டத்திற்கு ஒரு கட்டை போதாது. குவியல் குவியலாகச் செய்து வைத்துக் கொள்ள வேண்டும்.

இதில் வியக்கத்தக்க கணக்கு ஒன்று உண்டு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் எப்பொருளும், சமதரையில், சுமார் 5 சென்டிமீட்டர் மேலே ஏறினால் தன் ஓட்டம் முழுவதையும் இழந்து விடும். பொருளின் எடை 3 டன்னாயினும் 300 டன்னாயினும் அந்த 5 சென்டிமீட்டர் மாறுவதில்லை. முன் சக்கரங்கள் மட்டும் ஏறுவதாயின் தேரின் எடையில் ஏறத்தாழப் பாதியே உயர்கின்றது. ஆதலால் உயரம் இரு மடங்காகி 10 சென்டிமீட்டர் ஆகும். ஒரு சாண் உயரமும் இல்லாத கட்டை, கோபுரம் போன்ற தேரை நிறுத்துவதன் இரகசியம் இதுதான். ஆனால் வேகம் இரு மடங்கானால் ஏற வேண்டிய உயரம் நான்கு மடங்காகி விடும். 10 சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் 40 சென்டிமீட்டர் வேண்டும். கட்டைக்கு எட்டாத வேகம் என்று ஒன்று உண்டு என்பதை இது காட்டுகின்றது. 'தேர் ஓடட்டும், நிறுத்துபவர் நிறுத்திக் கொள்வார்' என்று வடத்தை வீசி இழுக்கும் இளைஞர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்த வேண்டும்.

முட்டுக்கட்டை நிறுத்துவதோடு அமைவதில்லை. தேரைச் செலுத்துவதும் அதுவே. பெருந்தேர்களின் அச்சு ஒரே நிலையில் பொருத்தப்பட்டது. மாட்டுவண்டி போல அதனைத் திருப்ப முடியாது. தேர் இடப்புறம் ஒதுங்கினால் வலச் சக்கரத்தின் முன் கட்டை விழும். அந்தச் சக்கரம் தயங்க, மற்றது முந்த, தேரின் முகம் வலப்புறம் திரும்பும். நான்கு விரற்கடை முன்னே பின்னே வைத்தாலும் தேரின் போக்கு மாறிவிடும். வீடுகளின் திண்ணைகளும் கம்பங்களும் நெருங்கிய மாடவீதியில், உச்சியில் அசையும் கலசம் எதிலும் தட்டாமல் செல்வது கட்டை போடுவோரின் கண்ணும் கையும் தரும் பயனாகும்.

வீதி முனையில் வேறொரு காட்சியைக் காணலாம். செங்கோணமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் சக்கரம் உருண்டு பயனில்லை. ஆகவே திருவாரூரில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, அவற்றின்மீது மசகு பூசி, சக்கரங்களைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்து தேரைத் திருப்புகின்றனர். அந்தச் சில நிமிடங்களுக்குத் தேர் உருளும் வண்டியாக இராமல் சறுக்கு வண்டியாகவே ஆகி விடுகின்றது.

சறுக்கு வண்டி என்றதும் பனி நாடுகள் நம் நினைவுக்கு வரும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காட்டில் வெட்டிய மரங்களைச் சக்கரமில்லாத சறுக்கு வண்டிகளில் ஏற்றிக் குதிரைகளைக் கொண்டு இழுத்து வந்தனர். சமதரையில் வண்டி எளிதாக வழுக்கிச் செல்லுமாறு பாதையில் நீரூற்றிப் பனிக்கட்டியாக உறைய வைத்தனர். அவ்வழுக்கலே இறக்கத்தில் எமனாயிற்று. பின்னேயுள்ள சுமை குதிரைகளை முந்திக் கொண்டு அவற்றின் பின்னங்கால்களில் மோதும். சக்கரம் இல்லாத வண்டிக்கு முட்டுக்கட்டை போடவும் இயலாது. ஆகவே உராய்வை மிகுதியாக்குவதே வழியாயிற்று. இறக்கப் பாதையில் வைக்கோலும் மணலும் தூவினர். வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றினர். மிகச் செங்குத்தான இறக்கங்களில், வண்டியின் பின்புறம் எஃகு வடத்தைக் கட்டி, மேட்டில் அடிமரத்தோடு பிணைத்த உருளைப் பொறியில் அதனைச் சுற்றி, நெம்புகோலால் இறுக்கியும் தளர்த்தியும் சிறிது சிறிதாக இறக்கினர். நம்மவர் வடத்தை முன்னே கட்டி இழுத்தனர். அவர்கள் பின்னே கட்டிப் பிடித்தனர். இரண்டிடத்தும், கீழே செல்லும் உயிர்கள் நிறுத்துபவனின் கையை நம்பியே சென்றன.

நம் வண்டிக்காரர்களும் இதனை அறிந்தவர்களே. பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட பழஞ்சாலை மேடும் பள்ளமுமாகச் செல்வது. பாரவண்டி இறக்கத்தில் இறங்கும்போது, சக்கரங்களின் பின்னே குறுக்காகக் கட்டிய மரத்தைக் கயிற்றால் இறுக்கிச் சக்கரத்தோடு உராயச் செய்து, காளைகளின் கழுத்தைக் காத்தனர்.

காலம் மாறத் தேரும் மாறியது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த திருவாரூர்த் தேர் 1970-ஆம் ஆண்டு மீண்டும் ஓடியது. பின்னர், திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தாரின் உதவியால் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு அமைந்தன. குழாயில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் சக்கரத்தைப் பற்றிப் பிடிக்கின்றது. இது பெருநன்மையே. ஆயினும் முட்டுக்கட்டை ஓய்வு பெற்றுவிடவில்லை. பிரேக் வேகத்தைக் குறைக்கும். திசையைத் திருத்துவதற்கு இன்றும் சக்கரத்தடியில் கட்டையே விழ வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தங்கள் அருகிலேயே இக்கலையைக் காணலாம். பாலக்காட்டுக் கல்பாத்தியில், முன்னாளில் குடியேறிய தமிழ் மக்களின் வழியினர் ஐப்பசி மாதத்தில் தேர் இழுக்கின்றனர். அங்கே தேரைப் பின்னிருந்து தள்ளுவதற்கு யானை வரும். ஒடிசாவின் பூரியில் ஆண்டுதோறும் மூன்று தேர்களைப் புதிதாகச் செய்கின்றனர். ஜகந்நாதரின் தேருக்கு 16 சக்கரங்கள். அங்கும் தேரை நிறுத்துவதற்குச் சக்கரத்தின் முன் மரக்கட்டைகளையே இடுகின்றனர். மொழி வேறு, வழிபாட்டு முறை வேறு. சக்கரத்தின் முன் குனிகின்ற மனிதன் எங்கும் ஒருவனே.

அம்மனிதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எல்லோரும் அண்ணாந்து தேரின் உச்சியைக் காணும்போது அவன் தரையைப் பார்த்து நிற்கின்றான். பேரிகையும் வேட்டும் முழக்கமும் காதை அடைக்கின்றன. மேலிருந்து அசையும் கொடியோ சீழ்க்கையோ தான் அவனுக்கு ஆணை. கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்கு அவனுக்கு ஒரு நொடிக்கு மேல் கிடைப்பதில்லை. பின்னே வாங்குவதற்கு இரண்டடி இடம் வேண்டும். அந்த இரண்டடியில் நாம் கூடி நின்றால், அவன் எங்கே போவான்?

ஆகவே திருவிழாவுக்கு ஊர் திரும்பும் நேயர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். சக்கரத்தின் இரு மருங்கிலும் கயிறு கட்டி ஒதுக்கிய இடத்துக்குள் நுழையலாகாது. படம் எடுப்பதற்காகவும் நுழையலாகாது. குழந்தைகளைச் சக்கரத்தருகே அழைத்துச் செல்லலாகாது. நிறுத்தும் குறி கேட்ட அளவில் வடத்தைத் தளரவிட வேண்டும். விழாக் குழுவினர், கட்டைகளுக்கு நீண்ட பிடி அமைத்தல், நிற்பவருக்கு நல்ல காலணி அளித்தல், தேரோட்டத்துக்கு முன்னர் ஒத்திகை நடத்துதல், விபத்துக் காப்புறுதி செய்தல் ஆகியவற்றை ஆடம்பரச் செலவுகளுக்கு முன்பாகக் கருத வேண்டும். இக்கலை பெரும்பாலும் தந்தை மகனுக்குக் கைபிடித்துக் கற்பித்தது. மகன் வேலை தேடி வெளியூர் சென்றிருப்பின், ஊரிலுள்ள வேறோர் இளைஞனுக்கேனும் அதனைக் கற்பிக்க வேண்டும். தேரைப் புதுப்பிக்கப் பணம் அனுப்பும் அன்பர்கள், தேரை நிறுத்துகின்றவர்க்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்குமாறு கேட்கலாம். அவ்வாறு கேட்பது உரிமையும் கடமையும் ஆகும்.

தேர் நிலைக்கு வந்த பின்னர் வடம் பிடித்தவர்கள் வீடு திரும்புவர். நசுங்கிய கட்டைகள் வீதியோரத்தில் கிடக்கும். அடுத்த முறை ஊர் செல்லும்போது, அக்கட்டைகளைப் பொறுக்கிக் கொண்டிருப்பவரிடம் சென்று இரண்டு வார்த்தை நலம் விசாரியுங்கள். நீங்கள் கண்குளிரக் கண்ட தேர் பத்திரமாக நிலை சேர்ந்தது அவரால்தான்.