வைத்தியர் வாய்ச்சொல்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்விலை வழியாக வளைந்து ஏறும் பாதை மடுல்கெல்லயைச் சென்றடைகின்றது. மடுல்கலை என்றும் அவ்வூரை வழங்குவர். நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய தேயிலைச் சரிவுகளும், அவற்றினிடையே நீண்டு கிடக்கும் லயன்களும் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. தமிழகத்திலிருந்து முதலிற் கோப்பிக்கும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கும் உழைக்க வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர்.

அத்தகைய லயன் ஒன்றில், கொழுந்தெடுத்து முதுமையெய்திய தாய் ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். மலைக்குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அவளுக்குத் துணை. ஒரு நாள் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றுகின்றது, ஆறவில்லை. தோட்டத்து மருந்து பலிக்கவில்லை. ஊர் வைத்தியசாலையிலிருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறார்கள். அங்கே சிறு தசைத்துண்டை எடுத்துச் சோதித்து, மறுபடி வரச்சொல்லுகிறார்கள். குறித்த நாளில் அவளுடன் செல்பவன் பேரன். பன்னிரண்டு வயது. கடைத்தெருவிற் பழகிச் சிங்களம் கற்றவன்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அம்மாளுக்குச் சிங்களம் தெரியாது. வெளியே எண்பது பேர் காத்து நிற்கின்றனர். வைத்தியர் சொல்வதைச் சிறுவன் கேட்கிறான். கேட்டு, சற்று நேரம் நிலத்தைப் பார்க்கிறான். பிறகு, "மருந்து தருவாங்களாம், அம்மாயி" என்கிறான். அவ்வளவே. வைத்தியர் தம் கடமையைச் செய்துவிட்டார், பதிவேட்டிலும் எழுதிவிட்டார். நோயாளிக்கோ ஒன்றும் தெரியாது. ஆனால் பன்விலைக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் வாய் திறவாது இருக்கும் பேரனின் முகத்தைப் பார்த்து அவள் யாவற்றையும் அறிந்துகொள்கிறாள். அப்படி அறிந்ததை எவரிடமும் கேட்கவும் அவளால் முடியாது.

இது கற்பனைதான். எனினும் மலைநாட்டு மக்கள் எவரும் இதனைக் கேட்டு வியப்படையமாட்டார்கள்.

நம்மவர் பேச்சில் ஒரு வழக்குண்டு. குணப்படுத்த இயலாத நோயென்று தெரிந்ததும், "டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்பார்கள். கை விரிப்பது ஒரு சைகை. அதிற் சொல் இல்லை. அச்சொல் இல்லாத இடத்தை நிரப்புவதற்கே கடும் நோய் பற்றி நோயாளரோடு பேசும் பயிற்சி இன்று உலகெங்கும் வைத்தியருக்கும் தாதியருக்கும் அளிக்கப்படுகின்றது.

தோட்டப்புறங்களுக்கு வைத்திய வசதி வேண்டுமென்று சட்டம் பிறந்தது 1872இல். 1912இல் அது மேலும் விரிந்தது. அதன் பயனாக மருந்துச்சாலைகளும் தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் தோன்றின. கொக்கிப்புழுவுக்கு மருந்து வந்தது. மருந்தைப் பற்றிச் சட்டம் பேசிற்று. மருந்து தருபவரின் மொழியைப் பற்றி அது கவலைப்படவில்லை. அக்காலத்திலேயே வேறொரு வழியும் இந்நாட்டில் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கி, 1860களில் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்க முற்பட்டார். உடற்கூற்றுக்கும் இரண வைத்தியத்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடி நூல்களை மொழிபெயர்த்தார். நோயாளி பேசும் மொழியில் நோயை விளக்கக்கூடிய வைத்தியன் வேண்டுமென்பது அவ்வேலையிலேயே அடங்கியிருந்தது.

மொழி ஒன்றே தடையன்று. நல்ல தமிழ் பேசும் வைத்தியரும் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. பெரும்பாலும் அவரை வழிமறிப்பது குடும்பம். மூத்த மகன் அறைக்கு வெளியே வைத்தியரை நிறுத்தி, "ஐயா, அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்டால் அன்றைக்கே விழுந்துவிடுவா" என்று கெஞ்சுகிறான். இதனைக் கீழைத்தேயத்தாரின் மூடவழக்கம் என்று சிலர் கூறுவர். அது சரியன்று. 1961இல் அமெரிக்காவில் வைத்தியர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதே தம் வழக்கமென்று பத்துப்பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் விடையிறுத்தனர். 1979இல் அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்லிவிடுவதே வழக்கமென்றனர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் வைத்திய உலகம் தலைகீழாகத் திரும்பிற்று. திரும்பிய வேகத்தில் உண்மையைக் கல்லைப்போல் எறிந்துவிட்டுப் போவோரும் தோன்றினர் என்பது வேறு விஷயம். சொல்லாமை எவ்வளவு கொடிதோ, அவ்வாறு சொல்லுதலும் அவ்வளவு கொடிது.

மகனின் கெஞ்சுதலை வைத்தியர் புறந்தள்ளவும் வேண்டியதில்லை. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்துள்ளார். அந்த நான்காமவன்தான் மகன். அவனை அமரச்செய்து, எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்டு, "நானாக எதையும் வலிந்து சொல்லமாட்டேன்; ஆனால் அம்மா கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்று உறுதி கூறுவதைப் பயிற்சி கற்பிக்கின்றது. பெரும்பாலான மக்கள் அதற்கு இணங்குவர். அவர்களும் சுமை தாங்கிக் களைத்தவர்களே.

இப்படிப் பேசுவது பிறவிக்குணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சேவை மூப்பினால் தானே வரும் என்றும் நம்பினர். ஆராய்ந்தபோது அப்படித் தோன்றவில்லை. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி பதினெட்டு வினாடியில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் ஒரு கணிப்பு வெளிவந்தது. 2002இல் பிரித்தானியாவில் 34 நிலையங்களைச் சேர்ந்த 160 புற்றுநோய் வைத்தியர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், மூன்று நாட் பயிற்சி பெற்றோர் பேசும் முறை திருந்தியது. அனுபவம் ஒன்றே அத்திருத்தத்தைத் தரவில்லை. கனடாவிற் பணிபுரிந்த றொபேட் பக்மன் என்னும் வைத்தியர் தாமே கடும் நோய்வாய்ப்பட்டு மீண்டவர். அவரும் அவர் தோழர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறுபடி முறையே இன்று பல நாட்டு வகுப்புகளுக்கு அடிப்படை. வகுப்பில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். ஒருவர் வைத்தியராகப் பேசுவார். ஏனையோர் பார்த்திருந்து குறை நிறை கூறுவர். முதல் நாளில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். இரண்டாம் நாளிற் சிலர் அழுதுவிடுவதுமுண்டு.

அம்முறையை மடுல்கெல்லத் தாயிடம் எவ்வாறு கையாள்வது? முதலிற் கதிரையை இழுத்து அவள் கண்மட்டத்தில் அமர வேண்டும். நின்றுகொண்டு சொல்லும் செய்தி தீர்ப்புப்போல் ஒலிக்கும். பின், சொல்வதற்கு முன் கேட்க வேண்டும்: "இந்தப் புண்ணைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா? இதுவரை என்ன சொன்னார்கள்?" அவள் விடையிலேயே அவள் அறிந்த அளவு தெரிந்துவிடும். அடுத்து, "விபரத்தை உங்களிடமே சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரும் கேட்க வேண்டுமா?" மகளிடம் சொல்லுங்கள் என்றால் அதுவும் அவளது உரிமையே. சொல்லுங்கள் என்றால், "சோதனை முடிவு நாம் நினைத்தபடி வரவில்லை" என்று ஒரு முன்னெச்சரிக்கை. அதன்பின் நோயின் பெயர்.

பெயரிலேதான் தமிழில் ஓர் இடர். புற்று என்றால் பாம்பு உறையும் மண்மேடு. பாலூற்றி வணங்கும் இடம். புற்றுநோய் என்ற சொல்லை ஏட்டில் எழுதுகிறோம். வாயாற் சொல்லும்போது கேன்சர் என்கிறோம், அதையும் தாழ்ந்த குரலில். ஆகவே வைத்தியர் இரக்கத்தினால் 'சின்னப் புண்', 'கட்டி' என்று மழுப்பிவிடுகிறார். அந்த இரக்கத்தின் விலை பின்னரே தெரியும். சின்னப் புண்ணுக்காக ஏன் வாரக்கணக்கிற் கண்டிக்கு ஏறி இறங்கி, கதிர்ச் சிகிச்சையால் வாய் வெந்து, நாட்சம்பளத்தை இழக்க வேண்டும்? பாதியிற் சிகிச்சையை விட்டுவிடுபவளை அறியாதவள் என்று ஏசுகிறோம். அவளுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

பெயரைச் சொன்னபின் செய்யவேண்டியது மௌனமாக இருத்தல். பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இதுவே. அவள் முந்தானையால் முகத்தை மூடுவாள், அல்லது ஒன்றும் பேசாது சுவரைப் பார்ப்பாள். அப்போது வைத்தியரின் நாக்கு எதையாவது சொல்லித் தப்பத் துடிக்கும். "பயப்படாதீர்கள்", "கடவுள் இருக்கிறார்" என்பன நல்ல சொற்களே. ஆயினும் அவள் அழுது முடிவதற்கு முன் வந்தால், அவை வாயை அடைக்கும் சொற்கள்.

உண்மையைப் பேசினால் நம்பிக்கை அற்று ஆயுள் குறையும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரை இரு கூறாக்கி ஆராய்ந்தனர். தொடக்கம் முதலே நோவுதணிப்புக் குழுவினர் உடனிருந்து, நோயைப் பற்றியும் விருப்பங்களைப் பற்றியும் பேசி வந்தவர்கள் மனச்சோர்வு குறைந்திருந்தனர். மற்றவரைவிடச் சற்று அதிக காலம் உயிர் வாழ்ந்தும் இருந்தனர்.

இலங்கையிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. நோவுதணிப்புப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரைக்குமான தேசியத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. வைத்தியருக்கு அத்துறையிற் பட்டமேற் பயிற்சியும் ஏற்பட்டது. தமிழ் அரசகரும மொழியாகி, 1987இன் அரசியலமைப்புத் திருத்தத்தோடு, பல பத்தாண்டுகள் சென்றுவிட்டன. 1962இல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடத்தில் சிங்களம் பேசும் மாணவரும் தமிழ் பேசும் மாணவரும் ஒரே மேசையிற் கற்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் கற்க இதைவிட வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது. நோவு எங்கே, எப்போது என்று கேட்கும் அளவு தமிழ் போதாது. கெட்ட செய்தியைச் சொல்லும் தமிழ் வேண்டும். அது வரும்வரை, தமிழறிந்த தாதியோ சிற்றூழியரோ முறையாகப் பயின்று இடைநின்று பேச வேண்டும். சிறுவர் அவ்விடத்தில் நிற்கலாகாது.

கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி, பிற்காலத்திற் கேரளம் எங்கும் அயலவரையே பயிற்றி நோயாளர் வீட்டுக்கு அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. அவ்வாறு லயத்துக்கு ஏறிச்செல்லும் ஒருவர் நம் தோட்டங்களில் ஏற்கனவே இருக்கிறார்: குடும்பநல மருத்துவமாது. பிறப்பைப் பற்றிப் பேசக் கற்றவருக்கு இதனையும் கற்பிக்கலாம்.

அப்படிச் சொல்லப்பட்டிருந்தால் அந்தத் தாய் என்ன கேட்டிருப்பாள்? எத்தனை நாள் என்று ஒருவேளை கேட்டிருப்பாள். அதைவிடவும், சேமலாப நிதிக் காசை யார் எடுப்பது, லயத்து அறை யாருக்கு, கொழும்பில் வீட்டுவேலைக்கு நிற்கும் மகளை எப்போது வரச்சொல்வது என்று கேட்டிருப்பாள். நோவு வந்தால் மருந்துண்டா என்று கேட்டிருப்பாள். உண்டு என்று வைத்தியர் துணிந்து கூறியிருப்பார். பேரன் அந்நேரம் வெளியே விறாந்தையில் இருந்து, யாரோ வாங்கிக் கொடுத்த பணிஸைத் தின்றுகொண்டிருப்பான்.